கட்டுமாவடி ரோட்டில் ஏழு பவுண்டு

கார் நின்ற பிறகு கொஞ்ச நேரம் எங்கள் இருவருக்கும் காது கேட்கவில்லை.

பிறகு ஒவ்வொன்றாகக் கேட்க ஆரம்பித்தது. பனையோலை உரசும் சத்தம். சூடான இரும்பு டிக் டிக்கென்று ஆறும் சத்தம். பானெட்டின் பக்கவாட்டுத் துளைகள் வழியே நீலப் புகை கசிந்துகொண்டிருந்தது. எண்ணெய் கருகிய வாடை. அதோடு கலந்து கடற்காற்றின் உப்பு வாடை.

கட்டுமாவடிக்கு இன்னும் நாலைந்து மைல் இருக்கும். காலை பத்து மணி வெயில். ரோட்டில் ஈ காக்கை இல்லை.

என் வீட்டுக்காரர் இறங்கினார். நேராக இன்ஜினைத் திறந்து பார்ப்பார் என்று நினைத்தேன். மூன்று மாதமாக அந்த இன்ஜினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவர் அவர். ஆனால் காரைச் சுற்றிக்கொண்டு என் பக்கம்தான் வந்தார்.

"பயந்துட்டியா?"

"இல்லீங்க."

என் மடியில் நோட்டு திறந்து கிடந்தது. பென்சில் எங்கேயோ உருண்டுபோயிருந்தது. நோட்டில் கடைசியாக எழுதியிருந்த எண் ஐந்து. அதற்குப் பிறகு நான் எழுதவில்லை. வாயைத் திறந்து சொல்லவும் இல்லை. மீட்டர் முள் ஆறைத் தாண்டி ஏழுக்குப் போனதைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன்.

அதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

மரப்பெட்டி

என் கல்யாணத்தைப் பற்றிப் போன வாரம் எழுதியதைப் படித்துவிட்டு, தேவகோட்டையிலிருந்து ஒரு வாசகி கடிதம் போட்டிருக்கிறார். "நீங்களும் உங்கள் கணவரும் முதன்முதலில் மனம் விட்டுப் பேசியது எப்போது?" என்று கேட்கிறார். நியாயமான கேள்வி. கல்யாணமாகி இரண்டு மாதம் வரை நாங்கள் பேசியதையெல்லாம் சேர்த்தால் ஒரு தபால் கார்டு நிறையாது.

அவர் சுபாவம் அப்படி. பத்தொன்பது வயதிலேயே மலாயாவில் இருந்த குடும்பக் கடைக்குப் போனவர். மூன்று வருடம் அங்கே, சில மாதம் இங்கே என்று எங்கள் பக்கத்து ஆண்களுக்கு இருந்த முறைப்படி ஊருக்கு வந்தார். அந்த வருகையில் எங்கள் கல்யாணம் நடந்தது. ஆவணியில் மறுபடி கப்பல் ஏற வேண்டும். நான் திருமயத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்தப் பெரிய வீட்டில், மாமனார் மாமியாரோடு மூன்று வருடம் இருக்க வேண்டும். இதில் யாருக்கும் சந்தேகமே இல்லை. எனக்கும் இல்லை.

மலாயாவிலிருந்து அவர் ஒரு கார் கொண்டுவந்திருந்தார். ஊருக்குத் திரும்பிப்போன ஒரு வெள்ளைக்காரத் தோட்ட முதலாளியிடம் வாங்கியது. கரும்பச்சை நிறம், கம்பிச் சக்கரம், மடக்குகிற துணிக்கூரை. உட்கார இடம் இரண்டே பேருக்கு.

என் மாமியார் அதைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்தாராம். "ஒரு விசேசத்துக்கு நாலு பேரு சேந்து போக முடியாத வண்டி, என்னப்பா வண்டி?" என்று மட்டும் கேட்டாராம்.

பங்குனியில் புதுக்கோட்டை ரயில் நிலையத்திலிருந்து மாட்டுவண்டியில் ஒரு மரப்பெட்டி வந்து இறங்கியது. சீமையிலிருந்து சென்னை வழியாக வந்த பெட்டி. கார் கொட்டகையில் வைத்து ஆணியைப் பிடுங்கினார்கள். மரச்சுருளுக்கு நடுவே எண்ணெய்த்தாள் சுற்றிய அலுமினியச் சாமான்கள். பெரிய பலாக்கொட்டையைப் போல உருண்டு நீண்டு ஒன்று. ஒரு புது கார்புரேட்டர். வளைந்த குழாய்கள், இரண்டு பெல்ட், புல்லிகள், முள் வைத்த ஒரு சிறிய மீட்டர். எல்லாவற்றுக்கும் அடியில் ஓரம் நனைந்து காய்ந்துபோன ஓர் ஆங்கிலப் புத்தகம்.

அன்று மெக்கானிக் சூசையும் வந்திருந்தார். புதுக்கோட்டைக்காரர். யுத்தத்தின்போது பட்டாளத்தில் லாரி ரிப்பேர் பார்த்தவர். நல்ல கனத்த உடம்பு. ஸ்பானரைப் பல் குச்சி மாதிரி பிடிப்பார்.

நான் காப்பி கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பாமல் நின்றேன். சூசை என்னைப் பார்த்துச் சொன்னார்.

"என்னன்னு பாக்குறீங்களா ஆச்சி? இன்ஜினு தானா மூச்சு இழுக்குது இல்லீங்களா, அது அதுக்கு பத்தாது. இது கொல்லன் துருத்தி மாதிரி. காத்தையும் பெட்ரோலையும் அமுக்கி உள்ள தள்ளும். அடுப்பு எப்படி எரியும்னு நெனச்சுக்கங்க!"

"பேரு?"

"சூப்பர்சார்ஜர்," என்றார் என் வீட்டுக்காரர். அந்த ஒரு சொல்லை அவர் சொன்னபோது முகத்தில் வந்த வெளிச்சம், தாலி கட்டியபோது வந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. அப்போது நான் தலை குனிந்திருந்தேன்.

பதினோராம் பக்கம்

சூசைக்கு ஆங்கிலம் பேசினால் புரியும், படிக்க வராது. என் வீட்டுக்காரருக்குக் கடைக் கடிதம் எழுதுகிற ஆங்கிலம் தெரியும். அந்தப் புத்தகம் அதற்குக் கட்டுப்படவில்லை. மூன்றாம் நாள் இரண்டு பேரும் ஒரே வரியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்பாவை நாங்கள் அப்பச்சி என்போம். என் அப்பச்சி என்னைப் பத்தாவது வரை படிக்க வைத்திருந்தார். கல்யாணப் பேச்சில் அதை யாரும் பெரிதாகச் சொல்லவில்லை. குறையாக எடுத்துக்கொள்வார்களோ என்று பயம்.

"குடுங்க, நான் பாக்குறேன்," என்றேன்.

அவர் தயங்காமல் கொடுத்தார். அது இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்தான்.

என் பள்ளிக்கூட அகராதியை டிரங்குப் பெட்டியிலிருந்து எடுத்து வந்தேன். அன்றிலிருந்து கொட்டகையில் ஒரு முக்காலி எனக்கென்று வந்தது. நான் ஒரு வரி படிப்பேன், தமிழில் சொல்வேன். பாதிக்கு மேல் எனக்கே அர்த்தம் தெரியாது. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு சூசை, "ஆங், அதுவா!" என்று சரியான சாமானைக் கையில் எடுத்துவிடுவார்.

பழைய கார்புரேட்டர் இரண்டையும் கழற்றினார்கள். புதுக் குழாயை இன்ஜினின் பக்கத்தில் வைத்து, துருத்தியை அதன்மேல் பூட்டினார்கள். இன்ஜினுக்கு முன்னால் இருந்த சக்கரத்திலிருந்து பெல்ட் மாட்டினார்கள். பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்தினால் அரை அங்குலம்தான் அமுங்க வேண்டும் என்று புத்தகம் சொன்னது. சூசையின் கட்டைவிரலுக்கு முக்கால் அங்குலம் அமுங்கியது. என் வீட்டுக்காரரின் விரலுக்கு அரை. "எவன் வெரலுன்னு போடலியா ஆச்சி?" என்று கேட்டார் சூசை. அன்று மூன்று பேரும் சேர்ந்து சிரித்தோம். அந்த வீட்டில் நான் வாய்விட்டுச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

மாமியாருக்கு இது பிடிக்கவில்லை. அவரை நான் அயித்தை என்று கூப்பிடுவேன்.

"சொளகுல அரிசி அப்படியே கெடக்கு. கொட்டகையில என்ன வேலை ஒனக்கு?"

"பொஸ்தகம் படிக்கணுமாம், அயித்தை."

"மூணு வருசம் தனியா இருக்கப்போறே. அப்பப் படி, நல்லா."

கோபமாகச் சொன்னாரா, வேறு மனதோடு சொன்னாரா என்று அப்போது எனக்குப் பிடிபடவில்லை.

எல்லாம் பூட்டி முடித்த நாள், சூசை இன்ஜினைச் சுற்ற ஹேண்டிலைக் கையில் எடுத்துவிட்டார். நான் பதினோராம் பக்கத்தில் இருந்தேன். தண்ணீர் பட்ட பக்கம், எழுத்து மங்கல்.

"நில்லுங்க அண்ணே! மொத தடவை ஓட்டுறதுக்கு முன்னாடி, துருத்திக்குள்ள கையால எண்ணெய் ஊத்தணும்னு போட்டிருக்கு."

சூசை ஹேண்டிலைக் கீழே வைத்தார். ஒரு பக்கமிருந்த சிறிய திருகைக் கழற்றி விரலை விட்டுப் பார்த்தார். காய்ந்து கிடந்தது.

"ஆச்சி, நீங்க சொல்லலைன்னா ஒரு நிமிசத்துல உள்ள இருக்கிற எலை எல்லாம் சொரண்டிப் பொடியாயிருக்கும்," என்றார். துருத்திக்குள் சுழன்று காற்றைத் தள்ளுகிற தகடுகளைத்தான் இலை என்றார்.

என் வீட்டுக்காரர் எண்ணெய்க் குவளையை எடுத்து என்னிடம் நீட்டினார். நான்தான் ஊற்றினேன்.

பிளக்கின் நிறம்

பூட்டுவது பாதி வேலைதான். மீதி, அதைப் பதப்படுத்துவது. காற்றுக்கும் பெட்ரோலுக்கும் அளவு பார்க்க வேண்டும், பொறி விழுகிற நேரத்தைக் கொஞ்சம் பின்னே தள்ள வேண்டும். காரை வேகமாக ஓட்டி, சட்டென்று நிறுத்தி, பிளக்கைக் கழற்றி அதன் மூக்கைப் பார்ப்பார்கள். வெள்ளையாக இருந்தால் பெட்ரோல் போதவில்லை, உள்ளே அளவுக்கு மீறிய சூடு. கறுப்பாக இருந்தால் பெட்ரோல் அதிகம்.

"எந்த நெறம் இருக்கணும்?" என்று கேட்டேன்.

சூசை யோசித்தார். "பழுப்பா... எப்படிச் சொல்ல..."

"சீப்புச்சீடை நெறமா, அதிரச நெறமா?"

"ரெண்டுக்கும் நடுவுல!"

அன்று முதல் கொட்டகையில் அதுதான் கணக்கு. "இன்னிக்கி சீடை கொஞ்சம் வேகலை ஆச்சி," என்பார். "அதிரசம் கருகிருச்சு" என்றால் கார்புரேட்டர் ஊசியை மாற்ற வேண்டும்.

துருத்தி எவ்வளவு அமுக்குகிறது என்று காட்டத்தான் அந்தச் சிறிய மீட்டர். பவுண்டில் காட்டும். நல்ல பெட்ரோலாக இருந்தால் ஆறு வரை போகலாம் என்று புத்தகம் சொன்னது. எங்கள் ஊரில் கிடைத்த பெட்ரோலை மோந்து பார்த்துவிட்டு சூசை தலையை ஆட்டினார்.

"இதுக்கு அஞ்சுதான். மீறினா உள்ள கல்லைப் போட்டுக் குலுக்கின மாதிரி சத்தம் வரும். பெட்ரோலு நேரத்துக்கு முன்னாடி வெடிக்குதுன்னு அர்த்தம். அந்தச் சத்தம் வந்தா ஒடனே காலை எடுத்துறணும் மொதலாளி. இல்லைன்னா பிஸ்டன் போயிரும்."

ஓட்டுகிறவர் ரோட்டைப் பார்க்க வேண்டும். மீட்டரை யார் பார்ப்பது? முதல் நாள் சூசையே ஏறினார். நமணசமுத்திரம் வரை போய்விட்டுத் திரும்பியபோது அவர் முகம் வெளிறியிருந்தது.

"முள்ளையே பாத்துக்கிட்டுப் போனா வயித்தைப் பொரட்டுது மொதலாளி. நமக்கு லாரிதான் சரி. ஆச்சியைக் கூட்டிட்டுப் போங்க. எடையும் கொறைவு."

இப்படித்தான் நான் அந்த இரண்டாவது சீட்டில் உட்கார்ந்தேன். முந்தானையைத் தலையைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டு, மடியில் நோட்டோடு. மைல் எவ்வளவு, முள் எங்கே என்று எழுத வேண்டும். ஐந்து வந்தால் "அஞ்சு" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். வளைவும் வண்டிகளுமாக இருந்த எங்கள் பக்கத்து ரோடுகளில் முள் நாலரையைத் தாண்டியதே இல்லை.

அந்தக் காரில் மெல்லப் பேசினால் கேட்காது. கத்தித்தான் பேச வேண்டும். வீட்டில் மூன்று சொல் பேசுகிற மனிதர் அங்கே கத்திக் கத்திப் பேசினார். கடை மாடியில் எட்டுப் பேர் வரிசையாகப் பாய் விரித்துப் படுப்பதைச் சொன்னார். தினமும் பிற்பகல் நாலு மணிக்கு வருகிற மழையைச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றும் செய்ய இல்லாமல், ஒரு வெள்ளைக்காரர் பங்களா வாசலில் நின்ற இந்தக் காரைப் போய்ப் பார்த்துவிட்டு வருவாராம். வருடக்கணக்காக.

"பாத்துட்டு வாறதோட சரியா?" என்று கத்தினேன்.

"ஒருநாள் அந்த தொரை வந்து, 'ஏறிக்கோ'ன்னாரு!"

நான் சொல்லாத எண்

ஆனி மாதம். ஆவுடையார்கோவிலுக்குப் போய் வருகிறோம் என்று சொல்லிக்கொண்டு விடியலில் கிளம்பினோம். பொய்யில்லை. சாமி கும்பிட்டோம். பிறகு அறந்தாங்கிக்குத் திரும்பிக் கட்டுமாவடி ரோட்டைப் பிடித்தோம். அங்கே மைல் கணக்கில் வளைவே கிடையாது என்று சூசை சொல்லியிருந்தார். புதிதாகத் தார் போட்டிருந்தார்கள்.

அவர் காலை அழுத்தினார். துருத்தியின் ஊளை மெல்ல மேலே ஏறியது. ஐம்பது மைல், மூன்று பவுண்டு. அறுபது, நாலு. எழுதினேன். எழுபது. "அஞ்சு!" என்று எழுதிக்கொண்டே கத்தினேன். என் குரலைக் காற்று பிடுங்கிக்கொண்டு போனது.

அதற்கு மேல் நடந்ததை எப்படி எழுத? பனைகள் பின்னால் ஓடின. ரோடு எங்களுக்குள் வந்து நுழைகிற மாதிரி இருந்தது. கட்டியிருந்த முந்தானை அவிழ்ந்து படபடத்தது. என்னை யாரும் பார்க்கவில்லை, எதையும் கேட்கவில்லை, எங்கேயும் நிற்கச் சொல்லவில்லை. முள் ஆறுக்கு வந்தது. சொல்ல வேண்டும் என்று தெரியும். சொன்னால் அவர் காலை எடுத்துவிடுவார். அதுவும் தெரியும்.

ஏழு.

அப்போது கல் குலுங்கும் சத்தம் கேட்டது. சின்னதாக, துல்லியமாக. பிறகு பட்டென்று ஓர் அடி. புகை. வேகம் அப்படியே உருகிப்போய், கார் தானாக ஓரத்துக்கு வந்து நின்றது.

இனி, நான் ஆரம்பித்த இடம்.

"பயந்துட்டியா?" என்று அவர் கேட்டார். இல்லை என்றேன். அவர் பானெட்டைத் திறக்கப் போனபோது நானும் இறங்கினேன்.

"ஏழு வரைக்கும் போச்சுங்க. நான் பாத்தேன். பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். சொல்லலை."

அவர் திரும்பிப் பார்த்தார்.

"எனக்கு நிக்க வேணாம்னு இருந்துச்சு," என்றேன். அழுகை வந்துவிட்டது. "ஒங்க வண்டியைக் கெடுத்துட்டேன்."

அவர் பானெட்டைத் திறக்காமல் அதன்மேல் கை வைத்து நின்றார். சூடு பொறுக்காமல் கையை எடுத்தார்.

"கல்லுச் சத்தம் எனக்கும் கேட்டுச்சு."

"அப்ப ஏன் காலை எடுக்கலை?"

"நீ சிரிச்சுக்கிட்டிருந்தே," என்றார்.

கருவாட்டு வண்டி

உச்சி வெயிலில்தான் ஒரு மாட்டுவண்டி வந்தது. கட்டுமாவடியிலிருந்து அறந்தாங்கிக்குக் கருவாடு ஏற்றிப் போகிற வண்டி. வண்டிக்காரர் காரை ஒருமுறையும் எங்களை ஒருமுறையும் பார்த்தார்.

"இவ்வளவு சின்ன வண்டியா? எம் மாடு இழுத்துரும். கட்டுங்க கயித்தை."

அறந்தாங்கி போய்ச் சேரும் வரை கருவாட்டு மூட்டைகளின் பின்னால், மாடு நடக்கிற வேகத்தில், அவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருக்க நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இப்போது கத்தாமலே பேச முடிந்தது. பேசினோம். அந்தப் பேச்சை எழுதப்போவதில்லை. அறந்தாங்கியில் ஒரு லாரி பிடித்து, காரையும் ஏற்றிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தபோது நன்றாக இருட்டிவிட்டது. என் சேலையில் கருவாட்டு வாடை.

அயித்தை வாசலில் நின்றிருந்தார். மூக்கைச் சுளித்தார். "ஆவுடையார்கோவில்ல இப்ப இதுதான் பிரசாதமா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய் வெந்நீர் போட்டார்.

மறுநாள் சூசை இன்ஜினைப் பிரித்தார். மூன்றாவது பிஸ்டனின் தலையில் கோலிக்குண்டு நுழைகிற அளவுக்கு ஓட்டை. ஓரமெல்லாம் மெழுகாக உருகியிருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு குழந்தையைப் பறிகொடுத்தவர் போல உட்கார்ந்திருந்தார்.

"முள்ளு எங்க இருந்துச்சு? யாரு பாக்கலை?"

"நான்தான்," என்றோம், இரண்டு பேரும் ஒரே நேரத்தில்.

சூசை எங்களை மாறி மாறிப் பார்த்தார். கோபம் எங்கேயோ போய்விட்டது. "சரி, விடுங்க. பிஸ்டன் கெடைக்கும்," என்றார்.

சென்னையிலிருந்து பிஸ்டன் வர மூன்று வாரம் ஆனது. அதற்குள் சூசை புதுக்கோட்டைப் பட்டறையில் ஒரு பெரிய புல்லி கடைந்து கொண்டுவந்தார். துருத்தியின் மேல் இருக்கிற சக்கரம் பெரிதானால் அது மெதுவாகச் சுற்றும். எவ்வளவு விரட்டினாலும் ஐந்தைத் தாண்டாது. பெட்ரோலைக் கொஞ்சம் கூட்டினார், பொறியை இன்னும் கொஞ்சம் பின்னே தள்ளினார். திருமயம் ரோட்டில் ஓட்டிப் பார்த்தோம். முள் நாலே முக்காலில் நின்றது. நாலு பிளக்கும் ஒரே நிறம். சூசை சிலுவை போட்டுக்கொண்டார்.

அடுத்த வாரம் கப்பலில் இடம் கேட்டு எழுத வேண்டும். அக்கரை போனபின் கார் கொட்டகையில் கிடந்து துருப்பிடிக்கும் என்பதால், திருச்சியில் ஒரு டாக்டருக்கு அதைக் கொடுப்பதாக மாமனார் ஏற்பாடு செய்துவிட்டார். என் வீட்டுக்காரர் அதற்கு மறுப்புச் சொல்லவில்லை.

இரண்டு பேருக்கு

கப்பலுக்கு எழுதச் சொல்லக் கணக்கப்பிள்ளையை வரவழைத்திருந்த காலை. மாமனார் முற்றத்தை ஒட்டி நாற்காலியில் இருந்தார். நான் தூணுக்கு அப்பால் வெற்றிலை துடைத்துக்கொண்டிருந்தேன்.

"அப்பச்சி," என்றார் என் வீட்டுக்காரர். "ரெண்டு பேருக்கு எழுதச் சொல்லுங்க."

"யாரு இன்னொருத்தன்?"

"மீனாட்சி."

என் பெயரை அவர் எல்லோருக்கும் முன்னால் சொல்லிக் கேட்டது அன்றுதான். வெற்றிலை கையிலேயே நின்றுவிட்டது.

மாமனார் குரலை உயர்த்தவில்லை. "நம்ம வீட்ல பொம்பளையாளைக் கப்பல் ஏத்தினது இல்லை. நான் பதினெட்டு வருசம் அங்கிட்டும் இங்கிட்டுமா இருந்தேன். ஒங்க ஆத்தா இந்த வீட்டைப் பாத்துக்கிட்டா. ஒரு கொறை இருந்துச்சா?"

அவ்வளவுதான். முடிந்தது என்று நினைத்தேன்.

சமையல்கட்டு வாசலில் அயித்தை வந்து நின்றார். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே பேசினார்.

"கொறை இருந்துச்சான்னு என்னைய யாரு கேட்டா?"

மாமனார் திரும்பிப் பார்த்தார்.

"மாசம் ஒரு காயிதம் வரும். எனக்கு வாசிக்கத் தெரியாது. கணக்கப்பிள்ளைதான் வாசிப்பாரு. கதவுக்கு அங்கிட்டு அவரு, இங்கிட்டு நான். எல்லாரும் சொகமான்னு கேட்டிருப்பீக. நான் சொகமான்னு ஒரு காயிதத்துலயாச்சும் கேட்டீகளா? கேட்டிருந்தாலும் என்னன்னு சொல்லுவேன், அடுத்த மனுசன்கிட்ட?"

கணக்கப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தக் கடிதங்களை வாசித்தவர் அவர்தான்.

"நாலு மாசமா அந்தக் கொட்டகையில சிரிப்புச் சத்தம் கேக்குது," என்றார் அயித்தை. "இவ போகட்டும். நான் வீட்டைப் பாத்துக்கிறேன். எனக்குப் பழக்கம்தான்."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அம்மி சத்தம் கேட்டது.

மாமனார் அம்மி சத்தம் வந்த பக்கம் பார்த்தார். பிறகு கணக்கப்பிள்ளையிடம், "ரெண்டு பேருக்கு எழுதும்," என்றார்.

அன்று மதியம் இலை போட்டு மாமனார் உட்கார்ந்தார். அயித்தை சோறு வைத்தார். மாமனார் சோற்றில் கை வைக்காமல் இருந்தார்.

"நீயும் ஒக்காரேன்," என்றார்.

அந்த வீட்டில் ஆண்கள் எழுந்த பிறகுதான் பெண்களுக்கு இலை. அயித்தை கரண்டியைப் பிடித்தபடி நின்றார். என்னை ஒருமுறை பார்த்தார்.

நான் ஓடிப்போய் இன்னொரு இலை கொண்டுவந்து போட்டேன்.